கங்கம்மாள் புகட்டிய மருந்து

ஆம்பூருக்கு மேற்கே மலையடியில் இருந்த அந்த ஊரில், ஆட்டுக்குப் பூச்சி மருந்து புகட்டக் கங்கம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். ஆட்டை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, கடைவாயில் விரல் விட்டு, புரையேறாமல் மருந்தை இறக்கிவிடுவாள். எழுபதுகளின் கடைசியில் அந்த வெள்ளை மருந்து வந்த புதிதில் கழிச்சல் கண்ட ஆடுகள் சீக்கிரமே தேறின. பிறகு ஆடு கொஞ்சம் இளைத்தாலும் அதே மருந்துதான், இளைக்காவிட்டாலும் அதே மருந்துதான்.

எண்பத்தைந்தாம் வருஷ மழைக்காலத்தில் புகட்டியும் பலனில்லை. ஆடுகளின் கண் இமை உள்ளே வெளுத்தது. தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கியது. அதே ஊர்க்காரன் தணிகைவேலின் பட்டியில் சினையாடுகள் அடுத்தடுத்துச் செத்தன.

"மருந்துல தண்ணி கலந்துட்டு இன்னா வேலை பண்ற நீ?" என்று அவன் கங்கம்மாளைத் தெருவில் நிறுத்திக் கேட்டான்.

"கலக்கல."

அதன்பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அவளுடைய சொந்த ஆடுகளும் போயின. கடைசி ஆடு செத்த அன்று, தோல் வாங்க சைக்கிளில் வரும் கவுஸ் பாஷா அதை உரித்தார். வயிற்றைக் கீறிப் பார்த்தார். உள்ளே மயிரிழை போன்ற சிவந்த புழுக்கள் நெளிந்தன.

"மருந்து எப்ப குடுத்த?"

"முந்தாநாள், பாய்."

"முந்தாநாள் குடுத்தும் உயிரோட இருக்குதே."

கங்கம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை.

கவுஸ் பாஷா ஆம்பூரில் கால்நடை டாக்டரிடம் இதைச் சொன்னார். டாக்டர் வந்து தணிகைவேலின் ஆடுகளுக்குத் தன் கையாலேயே அதே மருந்தைக் கொடுத்தார். கொடுக்கும் முன்னும் சில நாள் கழித்தும் புழுக்கை எடுத்துப் போய்ச் சோதித்தார். புழு முட்டை குறையவே இல்லை.

"மருந்து நல்ல மருந்துதான். புகட்டினவங்க மேலயும் தப்பில்ல," என்றார் எல்லோர் முன்னிலும். "ஒரே மருந்தைக் குடுத்துக் குடுத்து, அதுக்குத் தப்பிச்ச புழுவே பெருகிப்போச்சு. வேற மருந்து தர்றேன். நோவு கண்டதுக்கு மட்டும் குடுங்க."

அன்று சாயங்காலம் தணிகைவேல் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "காலைல வர்றியா?" என்றான். பழைய பேச்சை எடுக்கவில்லை.

"வர்றேன்."

போனாள். இமை வெளுத்த ஆடுகளாகப் பிரித்துப் புகட்டினாள். அவை மெல்லத் தேறின. தணிகைவேலின் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தாள். கோபமும் இல்லை, நிம்மதியும் இல்லை.

பிறகு எல்லோரும் பழையபடி கூப்பிட்டார்கள், போனாள். தனக்கென்று ஓர் ஆடு மட்டும் வாங்கவில்லை. காலியான பட்டியில் விறகு அடுக்கிக்கொண்டாள்.