சுல்தானுக்கு எழுதிய இரண்டு மனுக்கள்

நான் முதன்முதலாக மனு எழுதியது ஒரு சுல்தானுக்கு. அப்போது எனக்குப் பத்து வயது. இப்போது ஓர் அரசாங்கக் கந்தோரில் சனங்கள் கொண்டுவரும் மனுக்களை வாங்கி, திகதி முத்திரை குத்தி, உரிய மேசைக்கு அனுப்புவதுதான் எனக்கு வேலை. எத்தனையோ விதமான மனுக்களைப் பார்த்துவிட்டேன். என்னுடையதைப் போல அசட்டு மனு ஒன்று இன்னும் என் மேசைக்கு வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மாமாதான் காரணம். அவர் உம்மாவின் மூத்த சகோதரர், காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்தார். சீலை விரித்துக் காட்டும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் புத்தகமும் கையுமாக இருப்பார். மீலாத் விழாப் பேச்சுப் போட்டிக்கு நான் பெயர் கொடுத்ததும், “எல்லாரும் பேசுறதயே நீயும் பேசினா ஆருகா கேக்கிற? நான் வேற ஒண்டு எழுதித் தாறன்” என்றார். அப்படி எழுதித் தந்ததுதான் ‘சுல்தான்’ என்ற பட்டத்தின் கதை.

அந்தப் பேச்சு இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். சுல்தான் என்ற அரபுச் சொல் முதலில் எந்த மனிதரையும் குறிக்கவில்லை. மறுக்க முடியாத சான்று, ஒருவர் மேல் செல்லுபடியாகும் வலிமை என்பதே அதன் பொருள். குர்ஆனிலும் அந்தப் பொருளில்தான் வருகிறது. பிறகு கலீபாக்களின் கை தளர்ந்த காலத்தில், வாள் பலம் உள்ளவர்கள் அதைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். துருக்கியர் வாயில் ஏறி, பாரசீகத்தைக் கடந்து, தில்லிக்கு வந்தது. கப்பலேறி மலாய்க்கும் ஜாவாவுக்கும் போனது. நமக்குப் பக்கத்து மாலைதீவையும் விடவில்லை. விஜயநகரத்து மன்னர்கள்கூட அதைச் ‘சுரத்ராண’ என்று சமஸ்கிருதமாக்கி, இந்து மன்னர்களுக்குள் தாங்களே சுல்தான் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். கடைசியில் வெள்ளைக்காரன், கேக்கில் போடும் விதையில்லாத திராட்சை வற்றலுக்கும் சுல்தானா என்று பெயர் வைத்தான்.

அந்த இடத்தில் சபை சிரித்தது. எனக்கு இரண்டாம் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி கிடைத்தது. ஆனால் எனக்குப் பரிசைவிடப் பெரிய விஷயம் ஒன்று மண்டைக்குள் ஏறியிருந்தது. வாப்பா வேலை செய்தது ஒரு சுல்தானின் நாட்டில்.

வாப்பா வளைகுடாவுக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. இடையில் ஒரே ஒரு தடவை நாற்பது நாள் வந்துவிட்டுப் போனார். எனக்கு அவரைத் தெரியும் என்று சொல்வதைவிட, அவருடைய அத்தர் வாசம் தெரியும் என்று சொல்லலாம். எப்போது உம்மாவிடம் கேட்டாலும், “வருவாரு மகள், விடணுமே” என்பார். யார் விடவேண்டும் என்று உம்மா சொல்லமாட்டார். பேச்சுப் போட்டி முடிந்த அன்று அது எனக்கு விளங்கிவிட்டது. சுல்தான் விடவேண்டும்.

மாமாவிடம் போய் உறுதிப்படுத்திக்கொண்டேன். “சுல்தான் சொன்னா வாப்பாவ விடுவாங்களா மாமா?”

“சுல்தான் சொன்னா கடலும் வத்தும்” என்றார், ஒரு வாடிக்கையாளருக்குச் சீலை அளந்துகொண்டே. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று அறியும் வயது எனக்கில்லை.

இங்கே எங்கள் உம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். உம்மா பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம். குர்ஆன் ஓதப் போனது எட்டு வருடம். அதனால் தமிழ் எழுத்துத் தடுமாறும். அரபு எழுத்து முத்து முத்தாக வரும். வாப்பாவுக்குக் கடிதம் எழுதும்போது எங்கள் பேச்சுத் தமிழையே அரபு எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுவார். முன்பு எங்களவர்கள் பலரும் அப்படி எழுதினார்கள். அரபுத் தமிழ் என்று அதற்குப் பெயர். நானும் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். எழுத்து அரபு என்றால் பாஷையும் அரபுதான் என்று நான் நம்பியிருந்தேன். அப்படியானால் சுல்தானுக்கு அதை வாசிப்பதில் என்ன கஷ்டம்?

மகா கனம் பொருந்திய சுல்தானுக்கு நான் எழுதியது சுருக்கம்தான். எங்கட வாப்பாவை எங்களுக்கு வேணும், அவரை அனுப்பிவிடுங்கள், உங்களுக்காக இந்தக் கிழமையிலிருந்தே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குர்ஆனில் யாசீன் ஓதுவேன். அவருடைய பட்டத்தின் வரலாறு எனக்குத் தெரியும் என்பதையும் அடியில் ஒரு வரி சேர்த்தேன். மரியாதைக்குத்தான். உம்மா வாசித்தார். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தன் கடித உறைக்குள் வைத்து ஒட்டினார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு எனக்கென்று தனியாக ஒரு தாள் வந்தது. வாப்பாவும் அரபுத் தமிழில்தான் எழுதியிருந்தார். மகளின் மனுவைச் சுல்தான் வாசித்தார். கையெழுத்து அழகு என்று சொன்னார். சின்ன மகளின் வீட்டுக்குக் கூரை முகடு ஏறட்டும், அன்றைக்கே உன்னை விடுகிறேன் என்று வாக்குத் தந்தார்.

அந்தத் தாளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டாத ஆள் இல்லை. பெருமை இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் ஒரு சந்தேகம் வந்தது. வாவிக்கரையிலிருந்து நான்காவது ஒழுங்கையில் இருக்கும் எங்கள் வீட்டு வளவைப் பற்றிச் சுல்தானுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு முகடு ஏறினால் அவருக்கென்ன, ஏறாவிட்டால் அவருக்கென்ன?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பெற்றவர்கள் பின்வளவில் ஒரு சின்னக் குடிலுக்கு ஒதுங்குவார்கள். பிள்ளை பெண் என்று மருத்துவிச்சி சொன்ன அன்றிலிருந்தே தகப்பன் கல் எண்ணத் தொடங்குவார். எனக்கு மூத்தவள் ராத்தாவின் வீடு எங்கள் வளவில் முடிந்து பூட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், நெஞ்சளவு சுவரோடு பாசி பிடித்து நின்றது என்னுடைய வீடு. அதன் ஜன்னல் இடைவெளியில் ஏறி உட்கார்ந்துதான் நான் பேச்சை மனப்பாடம் செய்தேன். மாரியில் அறைகளுக்குள் தண்ணீர் நின்று தவளை கத்தும்.

அந்த ஜன்னலில் உட்கார்ந்தே இரண்டாவது மனுவையும் எழுதினேன். உம்மாவிடம் காட்டவில்லை. அவர் ஒட்டுவதற்கு வைத்திருந்த உறைக்குள் மடித்துத் தள்ளிவிட்டேன். சுல்தான் அவர்களே, எனக்கு வீடு வேண்டாம். ராத்தாவின் வீடு பெரியது, நான் அதில் ஒரு மூலையில் படுப்பேன். நான் கலியாணமும் முடிக்கமாட்டேன். ஆகையால் முகடு ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாப்பாவை இந்த மாதமே விடவும்.

இதற்குப் பதில் வரவில்லை. உம்மாவுக்குக் கடிதம் வந்தது. எனக்குத் தாள் இல்லை. அடுத்த கடிதத்திலும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மாமாவின் கடைத் தொலைபேசிக்கு வாப்பா எடுத்தார். உம்மாவும் ராத்தாவும் பேசி முடித்ததும் என் கையில் தந்தார்கள். சுகமா என்று கேட்கவில்லை நான்.

“சுல்தான் என்ன சொன்ன வாப்பா?”

அந்தப் பக்கம் வாப்பா ரேடியோவைக் குறைத்தார்.

“யோசிக்கிறாரு மகள்” என்றார். “மகள் சாப்பிட்டயா?”

“அவரு யோசிச்சு முடிச்சதும் என்னோட பேசுங்க” என்று சொல்லித் தொலைபேசியை உம்மாவிடம் நீட்டிவிட்டேன். மகள், மகள் என்று அது உம்மாவின் காதுக்குப் போகும்வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நானும் எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, காலை பத்து மணிக்கு மாமா எங்கள் வளவுக்குள் வந்தார். அந்த நேரத்தில் அவர் கடையை விட்டு அசைந்ததே இல்லை. உம்மா அவர் முகத்தைப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். வேலை முடிந்து வந்து படுத்த வாப்பா எழும்பவில்லையாம். மையித்தை அங்கேயே அடக்கிவிட்டார்கள். நாங்கள் பார்க்கவில்லை. உம்மா வெள்ளைச் சீலை உடுத்து, கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் ஒதுங்கியிருக்கும் இத்தாவுக்கு அறைக்குள் போனார். நான் சுல்தானுக்கு ஓதிக்கொண்டிருந்த யாசீனை நிறுத்தினேன். வாப்பாவுக்கு ஓதத் தொடங்கினேன்.

என் வீட்டுக்கு முகட்டை மாமாதான் ஏற்றிவைத்தார். இன்று நான் இருப்பது அந்த வீட்டில். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளுடைய வாப்பா வளைகுடாவிலிருந்து தினமும் வட்ஸ்அப்பில் முகம் காட்டுகிறார். பக்கத்துத் துண்டு நிலத்தில் அவள் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியாயிற்று. அரபும் தமிழும் வேறு வேறு பாஷை என்பது எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. சுல்தானுக்கும் எங்கள் வளவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. வாப்பாவின் மேல் செல்லுபடியான வலிமை எதுவென்று அந்த வீட்டுச் சுவரைத் தொடும்போதெல்லாம் தெரிகிறது. அன்று தெரியவில்லை.

உம்மா இத்தா முடித்து வெளியே வந்த மாதத்தில், வாப்பாவோடு ஒரே அறையில் இருந்த ஏறாவூர்க்காரர் ஒருவர் அவருடைய பையைக் கொண்டுவந்தார். அவர் உடுத்தும் சாரம் இரண்டு, ஒரு ரேடியோ, எனக்கென்று வாங்கி உடைக்காமல் வைத்திருந்த சுல்தானாப் பெட்டி ஒன்று. பிறகு தன் சட்டைப்பையிலிருந்து என் மனுக்கள் இரண்டையும் எடுத்தார். “தலகாணிக்குக் கீழதான் வெச்சிருந்தாரு” என்று சொல்லி உம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தேநீரும் குடிக்காமல் எழும்பினார்.

இரண்டாவது மனுவின் முதுகில் வாப்பா பென்சிலால் எழுதியிருந்தார். நான்கு வரிகள். நான்கையும் வெட்டியிருந்தார். சுல்தான் சொல்றாரு, வீடு வேணாமெண்டு மகள் சொல்லப்படாது. வெட்டு. சுல்தான் சொல்றாரு, மகளுக்கு இப்ப விளங்காது. வெட்டு. சுல்தான் சொல்றாரு, வாப்பாவுக்கும் ஆசதான். வெட்டு. நான்காவதில் சுல்தான் என்ற சொல் மட்டும் இருந்தது. அதன் மேலும் ஒரு கோடு.

உம்மா அந்தத் தாளை முகத்தோடு அணைத்துக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத சத்தத்தில் அழுதார். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. நான்கு தடவை பேச்சை மாற்றியிருக்கிறார் இந்த மனிதர், ஒரு முடிவு சொல்லத் தெரியாதவருக்கு எதற்குச் சுல்தான் பட்டம், இவரிடம் மாட்டிக்கொண்டு வாப்பா என்ன பாடுபட்டாரோ என்று எனக்கு அன்று சுல்தான் மேல்தான் கோபம் வந்தது.