கடிகாரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு

எங்கள் அலுவலகச் சுவர்க்கடிகாரத்தில், ஒன்று என்ற எண்ணின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர் எனக்கு முந்தைய ஷிஃப்டில் இருந்தவர். எல்லோருக்கும் அவர் பாய்தான். மரக்காணத்தில் உப்பளத்தைப் பார்த்த மாடி அறை அது. வெளியூர் மருத்துவமனை ஒன்றின் சர்வரைக் கண்காணிப்பது எங்கள் இருவரின் வேலை. நோயாளிகளின் பதிவும் மருந்துச் சீட்டும் அதில்தான் ஓடும். மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று திரையில் ஒரு கோடு காட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சம்பளம் தருகிறார்கள் என்றால் எங்கள் குப்பத்தில் இன்றும் சிரிப்பார்கள்.

பாய் வளைகுடாவில் இதே வேலை பார்த்துத் திரும்பியவர். தினமும் ஒரு மணிக்கு சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் லுஹர் தொழுகைக்குக் கிளம்புவார். மருத்துவமனையில் அது சாப்பாட்டு நேரம், யாரும் கேட்கமாட்டார்கள். அந்த மென்பொருள், இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரி மாதிரி, எடுத்த மெமரியைத் திருப்பித் தராது; ரீஸ்டார்ட் செய்தால்தான் கோடு இறங்கும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்ததுதான். நான் வந்து உட்காரும்போது கோடு எப்போதும் தாழவே இருக்கும். நல்ல சர்வர் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பெருநாளன்று, மூன்று வருடத்தில் முதல்முறையாக, அவர் விடுமுறை எடுத்தார். இரண்டு ஷிஃப்டும் நானே பார்த்தேன். ஒரு மணிக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. மூன்று மணிக்கு எச்சரிக்கை மணி அடித்தது. மூன்று வருடத்தில் ஒரு நாளும் அடிக்காத மணி. ஏதோ கோளாறு என்று அதை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். இருபது நிமிடம் கழித்து வந்தபோது சர்வர் நின்றிருந்தது. அங்கே மருந்து வாங்க வந்தவர்கள் ஒரு மணி நேரம் வரிசையில் காத்திருந்தார்கள்.

சாயங்காலம் பாய் புதுச் சட்டையும் பிரியாணி டப்பாவுமாக வந்தார். காரணத்தை எழுதி அனுப்பும்படி முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார். சர்வரின் பழைய பதிவுகளைத் தேடியபோதுதான் பாய் தினமும் ஒரு மணிக்கு ரீஸ்டார்ட் செய்தது எனக்குத் தெரிந்தது. யாராவது ஒருவருக்கு வேலை போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நீங்க ரீஸ்டார்ட் பண்றத என்கிட்ட சொல்லவே இல்லையே பாய்."

"சொல்லிட்டேன்னு நெனச்சுட்டேம்மா. தெனம் பண்றது, பல்லு வெளக்குற மாதிரி ஆயிடுச்சு."

பிறகு சர்வரின் அன்றைய பதிவுகளைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மணியை நிறுத்திய நேரமும் என் பெயரும் இருந்த வரியில் அவர் கை கொஞ்சம் நின்றது. அதைக் கடந்து போய்விட்டு, "எம்பேர எழுதும்மா. நான்தான சொல்லாம வுட்டுட்டேன்" என்றார்.

எழுதினேன். அவர் தினமும் ரீஸ்டார்ட் செய்ததை எழுதினேன், என்னிடம் சொல்லாததை எழுதினேன். இருபது நிமிடத்தை எழுதவில்லை. மறுவாரம் அவரை வர வேண்டாம் என்றார்கள். மென்பொருளை எழுதியவர்கள் அந்தக் குறையை நான்கே நாளில் சரிசெய்தார்கள். அப்படி ஒன்று இருப்பதை அதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

இப்போது காலையும் நான்தான், மதியமும் நான்தான். உப்புக்காற்றில் கடிகாரத்தின் விளிம்பு துருவேறிவிட்டது, பொட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. சின்ன முள் அதைத் தொடும்போது திரையைப் பார்க்கிறேன். கோடு மட்டமாகப் போகிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை. என் பெயர் இருந்த அந்த வரியை அவர் படித்தார் என்பது மட்டும் தினமும் ஒரு மணிக்கு நினைவுக்கு வருகிறது.