என் கணவரின் மணிக்கட்டு நூல்

என் கணவரின் வலது காலில் சுண்டுவிரல் கறுத்திருந்ததை முதலில் பார்த்தது நான்தான். "செருப்பு கடிச்சிருச்சு" என்றார். சர்க்கரை நோயாளியோடு குடும்பம் நடத்துகிறவளிடமா இந்தக் கதை? மறுநாளே யாங்கூன் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இழுத்துப் போனேன்.

காங்கிரீன் (ரத்த ஓட்டம் நின்று சதை அழுகுவது) என்றார் டாக்டர். இரண்டு விரல்களை எடுக்க வேண்டும். தாமதித்தால் காலே போய்விடும்.

அவர் கரேன் மலைக்காரர், நான் யாங்கூனின் தாமுவே பகுதியில் பிறந்த தமிழச்சி. ஆஸ்பத்திரியில் சேரும் முன் அவருடைய தங்கை அவர் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டியிருந்தாள். உடம்பில் குடியிருக்கும் உயிர்கள் பயந்து ஓடிவிடாமல் அழைத்துக் கட்டுவது அவர்கள் வழக்கம்.

ஆபரேஷனுக்குத் தயார் செய்ய வந்த பர்மிய நர்ஸ், கிருமி என்று சொல்லி அதைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டார். முன்பு இங்கேயே எனக்கு ஆபரேஷன் நடந்தபோது தாலியைக் கழற்றாமல் பிளாஸ்திரி போட்டு ஒட்டியவர்கள்தான் இவர்கள்.

என் கணவர் ஆபரேஷனுக்கு மறுத்துவிட்டார். "நானே இந்த ஒடம்புல இல்ல. யாருக்கு ஆபரேஷன் பண்ணுவீங்க?"

நர்ஸை நாலு வார்த்தை நன்றாகவே கேட்டேன்.

மதியம் அந்த நர்ஸ் திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். "ஊலே (மாமா), கேக்காம வெட்டுனது என் தப்பு. இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"தங்கச்சி வரணும்" என்றார் இவர்.

பக்கத்துத் தாகேதா பகுதியிலிருந்து நாத்தனார் சோற்று உருண்டை, வாழைப்பழம், புது நூலோடு வந்தாள். நூலைக் கிருமி போக ஆவியில் வைத்துத் தரலாமா என்று நர்ஸ் கேட்டார். அவள் சம்மதித்தாள். திரையை இழுத்துவிட்டு நர்ஸ் நகரப் பார்த்தபோது இவர், "நில்லுங்க சயாமா (நர்ஸம்மா). வெட்டுனவங்க பாக்கணும்" என்றார்.

நாத்தனார் மரக்கரண்டியால் கட்டிலைத் தட்டித் தட்டி உயிர்களைக் கூப்பிட்டாள். நர்ஸ் தலைகுனிந்து நின்றார். கட்டிய நூலின்மேல் துணி சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டியதும் அவர்தான். அதன்பிறகே இவர் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

விரல்கள் போயின, கால் பிழைத்தது. உங்கள் வீட்டு நோயாளிக்கும் இப்படி ஒன்று இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லா நர்ஸும் திரும்பி வரமாட்டார்கள்.

இப்போதெல்லாம் காலையில் அவர் சட்டென்று எழுவதில்லை. கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருப்பார். முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருநாள் கேட்டேன்: "இன்னும் என்ன யோசனை?"

"இரு. எல்லாரும் வந்து சேரட்டும்."

இப்போது நான் அவசரப்படுத்துவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்குள்ளும் யாராவது இன்னும் வந்து சேராமல் இருக்கலாம்.