புளி போட்டுத் தேய்த்த சைலன்சர்

மக சடங்குக்கு வச்ச பிளக்ஸ்ல தாய்மாமன் படத்தச் சின்னதாப் போட்டுட்டோம்னு எங்கண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போச்சு. ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்ல. சின்னதாப் போட்டது பிளக்ஸ் கடைக்காரன், பழி எனக்கு. நானும் லேசுப்பட்டவளா? போனாப் போகட்டும்னு வீம்பா இருந்துட்டேன்.

போன ஐப்பசியில என் ஸ்கூட்டர் படுத்துருச்சு. கம்பத்துல இருந்து லோயர் கேம்புக்குத் தெனமும் வேலைக்குப் போகணும். எப்படித் தெரிஞ்சதோ, மறுநாளே மதினி போன் போட்டாக. "ஸ்கூட்டர் சரியாகுற வரைக்கும் எங்க வண்டிய ஓட்டுவியாம். ஒங்கண்ணன் சொன்னாக" என்றாக. அண்ணன் வேலைக்குப் போன நேரமாப் பாத்துப் போய் வண்டிய எடுத்துட்டு வந்தேன்.

அது சாதாரண வண்டி இல்ல. பழைய மாடல் பைக்கு, நீளச் சைலன்சர், குரோம்ல மொகம் பாத்துப் பொட்டு வைக்கலாம். பிள்ளைகளக்கூட அண்ணன் அப்படிக் குளிப்பாட்டியிருக்காது. இதுல ஒரு கீறல் விழுந்துச்சுன்னா, சேர வந்த உறவு திரும்ப அத்துப்போகும்னு பயந்து பயந்துதான் ஓட்டினேன்.

அடமழை. சைலன்சர்ல சேறு தெறிச்சு, சூட்டுலயே காஞ்சு ஒட்டிருச்சு. பத்தாததுக்கு, மாட்டியிருந்த காய்கறிப் பை பட்டுப் பாலித்தீன் உருகிக் கருப்பா அப்பிக்கிச்சு. ஸ்கூட்டர் சரியானதும், மறுநாள் வண்டிய ஒப்படைக்கணும்னு குத்துவிளக்குக்கு என்ன செய்வேனோ அதையே செஞ்சேன். புளி, செங்கல் பொடி, கம்பி நார். கை வலிக்கத் தேச்சு, தண்ணிய ஊத்தி அப்படியே விட்டுட்டேன்.

காலையில பாத்தா, பூராவும் மயிரிழையாக் கோடு. ரெண்டு மூணு எடத்துல துருப்புள்ளி.

கொண்டுபோய்க் காட்டவும் மெக்கானிக் தலையில அடிச்சுக்கிட்டாரு. "அக்கா, குரோம்ங்கிறது இரும்பு மேல பூசுன மெல்லிசான தோலு. புளிப்பும் ஆகாது, கரகரப்பும் ஆகாது. சூடு ஆறுனதும் சோப்புத் தண்ணி, மெத்துன்னு ஒரு துணி, ஈரம் இல்லாமத் தொடைச்சு வாக்ஸ். அம்புட்டுத்தேன்." சாப்பாடு பொதியிற அலுமினியத் தாளத் தண்ணியில நனைச்சு லேசாத் தேச்சாரு. துரு போயிருச்சு. வண்டியக் கொஞ்சம் சூடாக்கி, மரச்சில்லால பாலித்தீனத் தள்ளிவிட்டாரு. கோடு மட்டும் போகல. "அது போகாதுக்கா. இனிமே ஈரம் தங்காமப் பாத்துக்கிட்டா பல வருஷம் கெடக்கும்" என்றாரு.

வீட்டுக்காரர்ட்ட குடுத்துவிட்டுறலாமான்னு ஒரு நெனப்பு. சீ, தப்புப் பண்ணது நானு, ஒளிய மாட்டேன்னு நானே ஓட்டிக்கிட்டுப் போனேன்.

அண்ணன் வாசல்லயே நின்னுச்சு. என்னையப் பாக்காம நேரா வண்டிகிட்டப் போய்க் குத்தவச்சு, அந்தக் கோடு மேல வெரல ஓட்டுச்சு.

"நாந்தாண்ணே. வெளக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேச்சுட்டேன்."

அண்ணன் இன்னொரு தடவ அந்தக் கோட்டத் தடவிப் பாத்துச்சு. போச்சு, இன்னும் ரெண்டு வருஷம்னு நெனச்சேன். பெறகு தல நிமுந்துச்சு.

"ஏத்தா, இந்தச் சைலன்சர் பொல்லாத சூடு. கால எங்கயும் சுட்டுக்கிட்டியா?"

சுட்டிருந்துச்சு. கெண்டைக்கால்ல, வெளிய யாருக்கும் சொல்லாத கொப்புளம். எம்புட்டு வீம்பு பிடிச்ச கழுத நானு, அந்த எடத்துலயே நின்னு அழுதேன்.