நஸீமாவின் நேர்ச்சைக் கிடாய்

“நேர்ந்த தாயே அந்த இறைச்சியைச் சாப்பிடக் கூடாதா, மௌலவி?” என்று ஒருமுறை கேட்டேன். ஹனிபா மௌலவி புத்தளத்து அகதி முகாமில் காலமானார் என்ற கடிதம் போன கிழமை மானிப்பாயில் என் வீட்டுக்கு வந்தபோது, முதலில் அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

யாழ்ப்பாணப் பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் இஸ்லாம் படிப்பித்தார்; நான் கணக்கு. தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்தும்வரை ஒரே ஓய்வறையில் இருந்தோம்.

அதற்குச் சில வருடம் முந்திய ஒரு ஹஜ்ஜுப் பெருநாளன்று வாழ்த்துச் சொல்லச் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில், பெருநாள் பலியாக அறுத்த தம் குர்பான் கிடாயைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நஸீமா அழுதபடி ஓடிவந்தார். அவருடைய மகனைச் சுற்றிவளைப்பில் இராணுவம் பிடித்துப்போயிருந்தது. உயிரோடு வந்தால் பெருநாளில் கிடாய் அறுப்பதாக நேர்ந்திருந்தார். மகன் வந்துவிட்டான், அன்று காலை கிடாயும் அறுத்தாயிற்று.

“மௌலவி, ஈரலைப் பொரிச்சுப் பிள்ளைக்குக் குடுத்திட்டன். அவன் திண்ட பிறகுதான் மச்சி சொல்லுறா, நேர்ச்சை இறைச்சி எங்களுக்கு ஆகாதெண்டு. என்ரை நேர்ச்சை போச்சுதோ? அவனைத் திரும்பப் பிடிப்பாங்களோ?”

மௌலவி கத்தியைக் கீழே வைத்தார்.

“மச்சி சொன்னது சரி, தங்கச்சி. நேர்ந்தது முழுக்க ஏழையளின்ரை. நீயும் உன்ரை சோத்திலை இருக்கிற பிள்ளையும் தொடக் கூடாது. ஆனா நேர்ச்சை போகேல்லை. திண்ட அளவு இறைச்சியை ஏழைக்குக் குடுத்தாச் சரி. அல்லாஹ் இரக்கமானவன். உன்ரை மச்சி மாதிரி இல்லை.”

அழுகைக்கு நடுவே நஸீமா சிரித்துவிட்டார்.

ஆனால் மீதிக் கிடாயும் ஏழைகளுக்கே உரியது; ஈடு கொடுக்க அவரிடம் வேறு இறைச்சி இல்லை. மௌலவி தம் பங்கில் இரண்டு பொதி கட்டினார்.

“இது நேர்ச்சையில்லை, நான் விரும்பிக் குடுக்கிற குர்பான். இதிலை நானும் தின்னலாம், உனக்கும் தரலாம். ஒண்டு மகனுக்கு. மற்றதும் இப்ப உன்ரைதான். ஈரலுக்கு ஈடாக் கொண்டுபோய்க் குடு.”

“மௌலவியே குடுங்கோவன். எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

“நேர்ந்தது நீ. உன்ரை கையாலை குடு.”

ஒழுங்கைக் கடைசியில் ஓர் ஏழை விதவையின் வீடு இருந்தது. நஸீமா அங்கே போனார். திரும்பி வரும்போது தலை நிமிர்ந்திருந்தது.

அப்போதுதான் என் கேள்வியைக் கேட்டேன்.

“ஓம் மாஸ்டர், கூடாது. ஒரு பிள்ளைக்கெண்டு வாங்கின கொப்பியிலை உங்கடை கணக்கை எழுதுவியளோ?”

மௌலவிக்கென்று தட்டில் மிஞ்சியது ஒரு பிடி இறைச்சி. “ஒரு வாய் திண்டாக் காணும். அதிலைதான் பறக்கத்து, அல்லாஹ்வின்ரை அருள்” என்றார்.

சட்டத்தை ஒரு நூலளவும் தளர்த்தாமல் ஒரு தாயின் பயத்தைத் தீர்த்த மனிதரோடு வேலை செய்தேன் என்பது என் வாழ்நாள் பெருமை. அந்தக் கொப்பி உதாரணமும், நஸீமா நிமிர்ந்து வந்த நடையும் என்னிடம் இருக்கின்றன.

அவரை அறிந்தவர்களே, அடுத்த முறை எதையாவது நேர்ந்து கொடுக்கும்போது ஆள் விட்டு அனுப்பாதீர்கள். நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள்.