ட்வைட் திருப்பிக் கொடுத்த பிரைமர் பெட்டி

என் வீட்டுக்காரர் ஆர்லோ ஸ்டெனருட் தன் நிழலையே நம்பாத மனிதர். கோதுமைக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் லாரி எடை போட்டவர். டிரைவர் இறங்கிவிட்டானா என்று சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்ப்பாராம். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை வீட்டுக்கு வந்து எண்ணுவார். பாதிரியார் என் சமையலைப் புகழ்ந்தால், "அந்தாளுக்கு என்ன வேணுமாம்?" என்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இந்த ஜென்மத்தோடு முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

கடைத் தோட்டாவை அவர் தொடமாட்டார். "எவனோ தூக்கக் கலக்கத்துல போட்டது" என்று சொல்லிவிட்டு, கராஜ் மேசையில் தானே செய்வார். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டின் அடியில் புதுப் பிரைமரை அழுத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, முனையில் குண்டை இறக்கினால் தோட்டா தயார். பிரைமர் என்பது சட்டைப் பொத்தானைவிடச் சின்ன வில்லை. அடிபட்டதும் மருந்தைப் பற்றவைப்பது அதுதான். அதில் சாதாரணம் ஒன்று, மேக்னம் ஒன்று. மேக்னத்தின் நெருப்பு உக்கிரமானது, கடுங்குளிருக்கும் பெரிய தோட்டாவுக்கும் ஏற்றது. ஆனால் சாதாரணத்துக்கென்று உச்ச அளவில் நிறுத்த மருந்தோடு மேக்னத்தைச் சேர்த்தால் அழுத்தம் எகிறிவிடும். பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டால் எது எதுவென்று அவருக்கே தெரியாது.

அந்த வருடம் மொன்டானா மாநிலம் முழுக்கப் பிரைமருக்குப் பஞ்சம். பக்கத்துப் பண்ணை ட்வைட் ஹேவர்காம்ப், முப்பது வருடமாக இவரோடு வேட்டைக்குப் போகிறவர், ஏப்ரலில் நூறு சாதாரணப் பிரைமர் கைமாற்றாக வாங்கிப் போனார். செப்டம்பரில் அதே கம்பெனிப் பெட்டியாகத் திருப்பிக் கொடுத்தார். மூடி கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

"டேப் எதுக்கு?"

"நாய் கடிச்சிடுச்சு."

"நாய் எதுக்குடா பிரைமர் பெட்டியக் கடிக்குது?"

"அதை நாயைத்தான் கேக்கணும். வேணும்னா வரச் சொல்றேன்."

ட்வைட் சிரித்தார். ஆர்லோ சிரிக்கவில்லை.

அக்டோபரில் ட்வைட்டின் மகள் டெஸ்ஸாவுக்கு இருபது தோட்டா செய்து கொடுத்தார். இருபத்திரண்டு வயதில் அவளுக்கு அதுதான் முதல் வேட்டை. இறந்துபோன தாத்தாவின் பழைய ரைஃபிள், மருந்து உச்ச அளவு. அடுத்த வாரம் தனக்கும் இருபது செய்துகொண்டு சுட்டுப் பார்க்கப் போனார். மூன்றாவது வெடிக்கு ரைஃபிளைப் பின்னால் அடைக்கும் போல்ட் இறுகிவிட்டது. மரக்கட்டையால் தட்டித்தான் திறக்க முடிந்ததாம். பிரைமர் சப்பட்டையாக நசுங்கியிருந்தது, அழுத்தம் எகிறியதன் அடையாளம்.

"மேக்னம்! சாதாரணப் பெட்டியில மேக்னத்தப் போட்டுக் குடுத்திருக்கான். டேப்ப பாத்தப்பவே நினைச்சேன்."

"டெஸ்ஸாவோட தோட்டா?" என்று கேட்டேன்.

"அது என்னோட பழைய பெட்டியில போட்டது. பொன்னு மாதிரி. இதுதான் அவன் பெட்டி."

ஞாயிற்றுக்கிழமை தீயணைப்புக் கூடத்தில் பான்கேக் விருந்து. ஊரே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. இந்த மனுஷன் நேராகப் போய் ட்வைட்டின் தட்டுக்கு முன்னால் நின்றார்.

"என் மூஞ்சி போனா உனக்கென்ன, இல்ல? திருட்டுப் பய."

ட்வைட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். டெஸ்ஸாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு மானம் போயிற்று. சிரப் ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை வரை பொறுத்தேன். மறுநாள் காலை வேட்டை சீசன் தொடக்கம். அதற்கு மேல் முடியவில்லை.

"யோவ், அந்தப் பெட்டி என் வீட்டுல இருக்கக் கூடாது. கொண்டுபோய் அவன் மூஞ்சியிலயே வீசிட்டு வா. இல்ல, நான் போறேன்."

முணுமுணுத்துக்கொண்டே ஸ்டூலில் ஏறி அலமாரியிலிருந்து எடுத்தார். எண்ணாமல் எதையும் கொடுக்கிற ஆளா? டேப்பைப் பிரித்தார். வரிசைக்குப் பத்து, பத்து வரிசை. ஒன்றுகூடக் குறையவில்லை.

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"நான் இதைத் தொடவே இல்ல, லோர்னா."

"அப்போ உன் இருபதும்...?"

"என் பெட்டியிலதான். ரெண்டும் ஒரே மாதிரி பெட்டி, அவனோடதுன்னு நினைச்சுட்டேன்."

அப்போதுதான் ஜனவரி ஞாபகம் வந்தது. வெளியே மைனஸ் முப்பது. குளிருக்கென்று மேக்னம் வைத்துத் தோட்டா செய்துகொண்டிருந்தார். சூப் ஆறுகிறது என்று நான்தான் கத்தினேன், மூன்று தடவை. மேசைத் தட்டில் மிஞ்சிய மேக்னம் பிரைமரைக் கைக்கு எட்டிய பெட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவர் தன் கையைச் சந்தேகப்படவில்லை.

"டெஸ்ஸா!" என்றேன். அந்தக் கிழட்டு ரைஃபிளில் கூடு கிழிந்தால் நெருப்பு நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

ட்வைட் போனை எடுக்கவில்லை. எங்கள் பெயரைப் பார்த்தால் ஏன் எடுக்கப் போகிறார்? பக்கத்துப் பண்ணை என்றாலும் ஒன்பது மைல் சரளைப் பாதை. நான்தான் வண்டி ஓட்டினேன், அவர் விடாமல் போன் போட்டுக்கொண்டே வந்தார். இப்போதே எங்காவது குறி பார்த்துச் சுட்டுக்கொண்டிருப்பாளோ? கடவுளே, அந்தச் சூப்பை நாயாவது தின்றிருக்கக் கூடாதா?

ட்வைட் வாசலில் நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"தோட்டா எங்கடா?" ஆர்லோவுக்கு மூச்சு வாங்கியது. "அவ சுடக் கூடாது. மேக்னம் கலந்தது நான்தான். உன் பெட்டியப் பிரிக்கவே இல்ல. தப்பு என்னோடது, ட்வைட்."

ட்வைட் உள்ளே போய் ஒரு காபி டின்னைக் கொண்டுவந்து நீட்டினார். குண்டு தனியாக, கூடு தனியாக, இருபதும் பிரித்துப் போட்டிருந்தது.

"அன்னைக்கு பான்கேக்க விட்டுட்டு வந்தேன்ல, வந்ததும் பிரிச்சிட்டேன். என்னையே திருடன்னு சொல்றவன் என் பொண்ணுக்கு என்னத்தப் போட்டுக் குடுத்தானோன்னு பயம். அவளுக்குக் கடைத் தோட்டா வாங்கிக் குடுத்தாச்சு."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஆர்லோ டின்னைப் பிடித்தபடி நின்றார்.

"ஞாயித்துக்கிழமையே கூடத்துல எல்லார் முன்னாடியும் சொல்றேன். மன்னிச்சிடுடா."

"சொல்லு," என்றார் ட்வைட். கதவைப் பாதி சாத்தியவர் நின்றார். "முப்பது வருஷமா நீ குடுத்த தோட்டாவ ஒரு தடவகூட நான் பிரிச்சுப் பாத்ததில்ல, ஆர்லோ. நீ என்னைத் திருடன்னு சொல்லாம இருந்தா இந்தத் தடவையும் பாத்திருக்கமாட்டேன்."