மாரிசெல்வி வைத்த டெஸ்ட்

மாரிசெல்வி என் கடைக்குள் நுழைந்தால் எனக்கு ஒரு மணி நேர வேலை கெட்டது என்று அர்த்தம். மற்ற போட்டோகிராபர்கள் மெமரி கார்டைக் கொடுப்பார்கள், டீ குடிப்பார்கள், பிரிண்டை வாங்கிக்கொண்டு போவார்கள். இவள் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பாய், இந்த அத்த கன்னத்துல செவப்பு கூடிப் போச்சுல்லா, கொறைங்க" என்பாள். குறைத்தால், "இப்போ காமாலை வந்தவ மாதிரி இருக்கா" என்பாள். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் இருபத்திரண்டு வருடமாகப் போட்டோ பிரிண்ட் கடை வைத்திருக்கிறேன். ஜெயினுலாப்தீன் பாய் கடைப் படம் என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். என்னிடம் குறை கண்டுபிடிக்கிற ஒரே ஆள் அவள்தான். கோபம் வரும். ஆனால் அவள் வராத வாரம் கடையில் உட்காரவே பிடிக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். பெற்றவர்கள் திசையன்விளைப் பக்கம். சயானில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் கடையொன்றில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அடுத்தவன் எடுத்த படங்களில் பருவையும் வேர்வையையும் அழித்துக்கொண்டிருந்தாள். "எடுக்கவன் ஒழுங்கா எடுத்தா நான் எதுக்கு அழிக்கணும்?" என்று ஒருநாள் முதலாளியிடமே கேட்டுவிட்டு வெளியே வந்தாள். அடுத்த மாதம் செகண்ட் ஹேண்ட் டிஜிட்டல் கேமரா ஒன்று அவள் கழுத்தில் தொங்கியது. அதன் தலையில் ஒரு ஃபிளாஷ். பெண்கள் மட்டும் கூடும் விசேஷங்களுக்குப் பெண் போட்டோகிராபர் இருந்தால் தேவலை என்று எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். புருஷன் பூதத்தான் தோல் பெல்ட் பட்டறையில் வேலை பார்க்கிறவன், பரம சாது. அவள் சொன்னால் தண்ணீர்த் தொட்டி மேல்கூட ஏறி நிற்பான். பிறகு நிற்கவும் செய்தான்.

இத்தனை கெட்டிக்காரிக்கும் ஒரு சறுக்கல் வந்தது. மாலதியின் வளைகாப்பில் வந்தது.

மாலதி எங்கள் பின்சந்து சொர்ணம்மாளின் மருமகள். ஏழாம் மாதம். சொசைட்டி ஹாலில் விசேஷம். மாலதியின் அம்மா பார்வதியம்மாள் விக்ரோலியில் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை பார்க்கிறாள். புருஷன் போய்ப் பல வருடமாகிறது. ஒற்றை ஆளாக நின்று மகளைக் கட்டிக் கொடுத்தவள், வளைகாப்புக்கு இருபத்தொரு சீர்த்தட்டு கொண்டுவந்து இறக்கினாள். ஒவ்வொரு தட்டுக்கும் பளபளவென்று தங்கக் கலர் ஜிகினாத்தாள் சுற்றியிருந்தது. சீர்த்தட்டு முன்வரிசையில் தெரியாத படம் இவர்களுக்குப் படமே இல்லை. எல்லாத் தட்டையும் மாலதிக்கு முன்னால் பரப்பிவிட்டுத்தான் அவளையே மணையில் உட்கார வைத்தார்கள்.

தட்டுகளைக் கொண்டுவந்தவள் போய்ச் செருப்பு கிடக்கும் வாசலோரம் நின்றுகொண்டாள். புருஷன் இல்லாதவள் வளையல் போடக் கூடாது, சந்தனம் பூசக் கூடாது. யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை, அவளாகவே நின்றாள் என்று என் வீட்டுக்காரி ராபியா வந்து சொன்னாள். சொல்லாமல் சொல்வது என்று ஒன்று இருக்கிறதே, அதை நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது.

செவ்வாய்க்கிழமை மாரிசெல்வி கார்டைக் கொண்டுவந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு படம். கேமராவின் குட்டித் திரையில் பார்த்தபோது தட்டின் பளபளப்பில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மானிட்டரில் தெரிந்தது. தட்டுகள் ஜொலித்தன. தட்டுகளுக்குப் பின்னால் மாலதி என்று ஒரு நிழல் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தேன். முகம் ரப்பர் பொம்மை மாதிரி ஆனது.

அந்த நேரம் பார்த்துச் சொர்ணம்மாள் கடைக்குள் வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"தட்டு நல்லா விழுந்திருக்கு பாய். எம் மருமவ எங்க?"

சொர்ணம்மாள் போன பிறகு மாரிசெல்வி ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். முதல் பிள்ளைக்குத்தான் வளைகாப்பு, அதுவும் ஒரே தடவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாலதியைப் பிரசவத்துக்கு விக்ரோலிக்குக் கூட்டிப் போகிறார்கள். அதற்குப் பிறகு என்ன செய்தாலும் அந்த வயிறும் அந்த முகமும் திரும்ப வரப்போவதில்லை.

"ஏன் இப்படி ஆச்சு?" என்றேன்.

மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "ஃபிளாஷ் நெசமா அடிக்கதுக்கு முன்னால குட்டியா ஒரு தடவ அடிச்சுப் பாக்கும் பாய். எம்புட்டு வெளிச்சம் திரும்பி வருதுன்னு கேமரா அளந்துக்கிடும். இருவத்தொரு தட்டும் சேந்து மூஞ்சில திருப்பி அடிச்சிருக்கு. வெளிச்சம் ஏற்கனவே ஜாஸ்தின்னு நெனச்சு அது அடங்கிட்டு." பிறகு எழுந்தாள். "அதுக்கு எதக் காட்டுனா கணக்கு தப்பாம பராபரா அளக்கும்னு நான் கண்டுபிடிக்கேன்."

மறுநாளிலிருந்து பூதத்தானுக்கு ஏழரை ஆரம்பித்தது. பட்டறைக்கு மூன்று நாள் அரை நாள் லீவு போடச் சொல்லி, அவனைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்தாள். முதலில் சந்துக்குள், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே. அங்கே பட்டப்பகலிலும் எல்லோர் முகமும் நீலமாகத்தான் இருக்கும். அடுத்து அவர்களுடைய ஒற்றை அறைக் கோலிக்குள் டியூப்லைட்டில். அப்புறம் மொட்டை மாடியில் உச்சி வெயிலில், தண்ணீர்த் தொட்டி மேல் ஏற்றி நிறுத்தி. ஒவ்வொரு இடத்திலும் மடியில் ஒரு ஜிகினாத் தட்டு. வெள்ளை வேட்டியைப் போர்த்தி ஒரு படம், கறுப்புக் குடையை விரித்துப் பிடித்து ஒரு படம். எந்தப் படம் எதென்று மறக்காமலிருக்க, சிலேட்டில் நம்பர் எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டாள். பார்க்கிறவர்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன் படம் மாதிரி இருந்தது.

"என்னடே பூதத்தான், எலெக்‌ஷன்ல நிக்கியா, இல்ல உள்ள போறியா?" என்று சந்தே கேட்டது.

"எனக்கென்ன தெரியும்? அவ நில்லுன்னா, நிக்கேன்" என்றான். ஆனால் இரண்டாம் நாள் தலைக்கு எண்ணெய் தடவி, மீசையை ஒதுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மனுஷனுக்குப் பிடித்துப்போய்விட்டது.

சாயங்காலம் சாயங்காலம் அந்தப் படங்களை என் கடையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். வெள்ளை வேட்டியை அளந்தால் பூதத்தான் கறுத்துப் போனான். கறுப்புக் குடையை அளந்தால் சுண்ணாம்பு அடித்தவன் மாதிரி வெளுத்தான். வெள்ளிக்கிழமை அவன் பட்டறையிலிருந்து நேராக, வேலைக்குப் போடும் பழைய சாம்பல் நிறச் சட்டையோடு வந்து உட்கார்ந்தான். கேமராவில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் குட்டி ஃபிளாஷ் அடித்து, நடுவில் இருப்பதை மட்டும் அளந்து அந்தக் கணக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு கேமராவைத் திருப்பி எதை எடுத்தாலும் அதே வெளிச்சம்தான். மாரிசெல்வி சட்டையை நோக்கிப் பொத்தானை அமுக்கிவிட்டு, தட்டோடு சேர்த்து அவனை எடுத்தாள். நீல வெளிச்சம், டியூப்லைட், வெயில், மூன்றிலும் பூதத்தான் பூதத்தானாகவே இருந்தான். தட்டு பாட்டுக்கு மின்னியது, முகம் முகமாக இருந்தது.

"ஆனா ஒண்ணு பாய்," என்றாள். "சட்ட தள்ளி இருந்தா கணக்கு தப்புது. எடுக்க மொகத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும்."

கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு சொர்ணம்மாள் வீட்டுக்குப் போனாள். நாளைக்குப் பதினோரு மணிக்கு மாலதியை ஹாலில் உட்கார வைத்து மறுபடி எடுக்க வேண்டும் என்றாள். வளையல்களைப் பிரசவம்வரை கழற்ற மாட்டார்கள், கை நிறைய அப்படியே இருக்கிறது. ஜிகினாத் தட்டுகளும் பரணில் இருக்கின்றன.

சொர்ணம்மாள் சிலிர்த்துக்கொண்டாள். "ஏட்டி, வளகாப்ப ரெண்டு தடவ பண்ணுவாவளா? நல்லாருக்கா நீ பேசுதது?"

மாரிசெல்வி என்னைப் பார்த்தாள். நான் குறுக்கிட்டேன். "யக்கா, வளகாப்புன்னு யாரு சொன்னா? இது கேமரா டெஸ்ட். அவ மிஷினு சரியா இருக்கான்னு பாக்கா, அம்புட்டுத்தான்."

"டெஸ்ட்டா?"

"டெஸ்ட்."

தலையை ஆட்டினாள். "டெஸ்ட்டுன்னா சரி. அதுல ஒண்ணும் இல்ல."

சனிக்கிழமை லேப்டாப்போடு ஹாலுக்குப் போனேன். டெஸ்ட்டுக்கு வந்தவர்களைப் பார்க்க வேண்டுமே! ஒருத்தி பாக்கியில்லாமல் பட்டுச்சேலை. கேட்டால், "சும்மா டெஸ்ட்டுக்குத்தான்" என்றார்கள். மல்லிகைப்பூ டெஸ்ட்டுக்கு, சந்தனக் கிண்ணம் டெஸ்ட்டுக்கு. ஒரு அண்டா புளியோதரைகூட டெஸ்ட்டுக்குத்தான் கிண்டியிருந்தார்கள். மாலதி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பார்வதியம்மாள் மறுநாள் மகளைக் கூட்டிப் போவதற்காக அன்றே வந்திருந்தாள். பட்டுக்கூட்டத்துக்கு நடுவே வராமல், சாம்பல் நிற நூல் சேலையில், அதே செருப்பு கிடக்கும் இடத்தில் நின்றாள்.

மாரிசெல்வி தட்டுகளைப் பரப்பினாள். எல்லோரையும் நிறுத்தினாள். கேமராவைத் தூக்கினாள். என்னவோ நினைத்துக்கொண்டவள் போலக் கீழே இறக்கினாள்.

"ஐயோ, சட்டைய மறந்துட்டேனே!"

"என்ன சட்ட?" என்றாள் சொர்ணம்மாள்.

"அவிய சாம்பக் கலர் சட்ட. அத மாலதி பக்கத்துல வச்சு அளக்கணும். இல்லன்னா போன தடவ மாதிரி கறுத்துப் போவும்." சுற்றுமுற்றும் பார்த்தாள். வாசலில் வந்து அவள் பார்வை நின்றது. "பார்வதிம்மா, ஒங்க சேல பராபர் அதே கலரு. வாங்க, வந்து மாலதிய ஒட்டி உக்காருங்க."

பார்வதியம்மாள் அசையவில்லை. "நான் எதுக்கும்மா? வேற யாரயாவது..."

"வேற எல்லாரும் பட்டுல்லா உடுத்திருக்காவ. பட்டு மின்னும். எனக்கு மின்னாத சேல வேணும்."

என் கண் தானாக மாரிசெல்வியின் கேமராப் பையின் மேல் போனது. அது சொர்ணம்மாளின் காலடியில் கிடந்தது. பாதி திறந்த ஜிப் வழியாக ஒரு சாம்பல் நிறக் கை வெளியே தொங்கியது. பூதத்தான் சட்டைதான், கஃப் பட்டன்கூடத் தெரிந்தது. சொர்ணம்மாளும் அதைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

போச்சு, இனி ஊர் கூடிவிடும் என்று நினைத்தேன். சொர்ணம்மாள் மெல்ல உட்கார்ந்தாள். யாரும் பார்க்காத மாதிரி அந்தச் சட்டைக் கையைப் பைக்குள் திணித்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு வாசலைப் பார்த்து அதட்டினாள்:

"அதான் சட்டைய மறந்துட்டேன்னு சொல்லுதால்லா. வாங்க மதினி, டெஸ்ட்டுக்கு நேரமாவுது!"

பார்வதியம்மாள் வந்தாள். மகளை ஒட்டி உட்கார்ந்தாள். மாரிசெல்வி அவள் சேலையை நோக்கிப் பொத்தானை அமுக்கினாள். குட்டி ஃபிளாஷ் அடித்தது.

"சும்மா கைய மடியில வச்சுருந்தா எப்படி? ஒரு வளையலப் போட்டு வுடுங்க. கன்னத்துல சந்தனத்தப் பூசுங்க. கை அசைஞ்சா லைட்டு எப்படி விழுதுன்னு பாக்கணும்லா."

பார்வதியம்மாள் சொர்ணம்மாளைப் பார்த்தாள். சொர்ணம்மாள் சந்தனக் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். பார்வதியம்மாளின் கை சந்தனத்தைத் தொட்டது. மாலதியின் கன்னத்தில் போய் நின்றது. மாலதி அதுவரை சிரித்த சிரிப்பு வேறு, அப்போது சிரித்த சிரிப்பு வேறு. பெரிய ஃபிளாஷ் அடித்தது. லேப்டாப்பில் படம் வந்ததும் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெளிச்சம் எங்கேயும் கூடவில்லை, குறையவில்லை. நான் வாயைத் திறந்து சொல்லும் முன்னே பெண்களெல்லாம் குலவை போட்டார்கள். கேமரா டெஸ்ட்டுக்குக் குலவை போட்டது தாராவியில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

திங்கட்கிழமை சொர்ணம்மாள் படம் வாங்கக் கடைக்கு வந்தாள். அந்தப் படத்தை யாரும் கேட்காமலே பெரிதாகப் போட்டு வைத்திருந்தேன். ஸ்டூலில் மாரிசெல்வி உட்கார்ந்திருந்தாள். சொர்ணம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தாள். மருமகள் எங்கே என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

"ஏட்டி மாரிசெல்வி," என்றாள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பிள்ளைக்குப் பேரு வைக்க அன்னைக்கும் லைட்டு சரியா இருக்காது, பாத்துக்கோ. அன்னைக்கும் சட்டைய மறந்துட்டு வந்துரு. மதினிய அதே சேலையில வரச் சொல்லுதேன்."